அடுப்பு தின்ற தூண்

எங்கள் பேட்டையை இடித்துத் தள்ளி, அதற்குள் மறைந்து கிடந்த ரோமாபுரி அரங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஊரில் பெருமை பேசுகிறார்கள். மறைந்து கிடந்ததாம்! இருநூறு குடும்பம் பரம்பரை பரம்பரையாக அதற்குள்தான் ரொட்டி சுட்டோம், பிள்ளை பெற்றோம், செத்தோம். எங்களில் ஒருத்தரைக் கேட்டிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்போமே. கண்டுபிடித்த கனவான்களின் பெயரெல்லாம் வாசலில் பளிங்குக் கல்லில் இருக்கிறது. அந்த அரங்கத்தின் ஒரு மூலை சரிந்து ஆறு பேர் தலையில் விழாமல் பார்த்துக்கொண்ட துரோஃபிம் கொத்தனாரின் பெயர் எதிலும் இல்லை. அவரைப் பற்றி எழுத நான் தகுந்தவன் அல்ல. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நானும் அவர் மனைவியும்தான். அவளுக்கு எழுதத் தெரியாது.

அரங்கம் முட்டை வடிவம். கீழே வரிசையாக அறுபது வளைவு, அவற்றின் மேல் இன்னொரு அறுபது. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு தூண். ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி அகலம். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. கல் மேல் கல்லை வைத்து, நடுவில் இரும்புக் கொக்கி போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் கீழ்ப்படியில் உட்கார்ந்தும், ஏழைகளும் பெண்களும் உச்சிப்படியில் நின்றும், மனிதனை மிருகத்துக்குப் போட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த ராஜ்யம் ஒழிந்து கொள்ளைக்காரர்கள் வந்தபோது ஊரே அதற்குள் ஓடிப் புகுந்து வளைவுகளை அடைத்துக்கொண்டது. ஆபத்து நீங்கியதும் பணக்காரர்கள் வெளியே போனார்கள். ஏழைகளுக்கு வெளியே போக எங்கே இடம்? இருந்துவிட்டோம். கொக்கிகளைத் தோண்டிப் பழைய இரும்புக்குப் போட்டோம். படிக்கட்டுக் கல்லைப் பெயர்த்து வீடு கட்டினோம். ஊர்க்காரர்கள் எங்களைக் "கல்லெலி" என்பார்கள். கோபம் வரும், ஆனால் மறுத்துச் சொல்ல வாய் வராது.

ஏனென்றால் எலி வேலைதான் செய்தோம். வளைவுக்கு ஒரு வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் அந்த ரோமாபுரித் தூண். அலமாரி வேண்டுமென்றால் தூணைக் குடைவோம். தொட்டில் கட்ட ஒரு மாடம் வேண்டுமென்றால் தூணைக் குடைவோம். இந்தப் பக்கத்து வீட்டுக்காரன் தன் பங்கைத்தான் குடைவதாக நினைப்பான். அந்தப் பக்கத்துக்காரனும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் அளவுகோலோடு போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அது மரியாதை இல்லை.

துரோஃபிம் ஆற்றுக்கு அக்கரைக்காரர். நொராட்டைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக எங்கள் பக்கத்து வளைவுக்கு வந்தார். வீடு நொராட்டின் அப்பா அவள் பேரில் எழுதி வைத்தது. அதை அவள் வாரத்துக்கு இரண்டு முறையாவது அவருக்கு ஞாபகப்படுத்துவாள். அவர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும்" என்பார். நான் பார்த்தவரை அவர் எப்போதும் களைத்துத்தான் இருந்தார். காலையில் வேலைக்குப் போகும்போதே மாலையில் திரும்புகிறவர் மாதிரி நடப்பார். யார் என்ன கேட்டாலும் முதலில் உட்கார இடம் தேடுவார், பிறகுதான் பதில். அவருடைய ஒரே மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் என்னை மார்சியால் என்று பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், "கொம்பாதிரி" என்பார். அந்தப் பெண் கல்யாணமாகிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

பேரரசர் ருஷ்யாவுக்குப் படை நடத்திய வருஷம், நொராட்டின் அலமாரித் தட்டு உடைந்தது. துரோஃபிம் அதைச் சரி செய்யத் தலையை உள்ளே விட்டார். விட்டவர் அப்படியே நின்றார். பிறகு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"கொம்பாதிரி, உங்கம்மா பூண்டு நசுக்குறது என் அலமாரிக்குள்ள கேக்குதுய்யா."

"எங்கம்மா நசுக்குனா ஆத்துக்கு அக்கரையில கேக்கும்."

"வெளையாடாத. உங்க ரொட்டியடுப்பு உள்ள எவ்வளவு ஆழம் போகுது?"

"அது எங்க தாத்தா குடைஞ்சது. யாரு அளந்தா?"

அவர் ஒரு குச்சியோடு வந்து அடுப்புக்குள் படுத்துக்கொண்டு அளந்தார். பிறகு தன் அலமாரியை அளந்தார். திரும்பி வந்து என் அம்மாவின் மாவுப்பெட்டி மேல் உட்கார்ந்தபோது தலைமுடியெல்லாம் கரி, முகம் மட்டும் வெளுத்திருந்தது. மாட்டுவண்டி அகலத் தூணில் நடுவே மிஞ்சியிருந்தது இரண்டு சாண். அதன் மேல்தான் இரண்டாம் அடுக்கும், அதற்கு மேல் கூரைப் பலகைக் கற்களும், அதற்கு மேல் நான்கு குடும்பமும் இருந்தன.

"யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா மேல இருக்கிறவன் தூங்க மாட்டான்" என்றார்.

அந்தக் கோடை முழுக்க, பகலில் பிறத்தியாருக்குக் கட்டிவிட்டு வந்து மாலையில் தன் அடுப்படிக்குள் ஒரு சுவர் கட்டினார். வளைவின் பாதியை அடைத்துக்கொண்டு, தூணை ஒட்டி, உடைகல்லும் சாந்துமாக முட்டுக்கொடுத்த சுவர். உச்சியில் கருவாலி மர ஆப்புகளை அடித்து வளைவோடு இறுக்கினார். அலமாரியையும் கல் வைத்து மூடினார். பார்க்க மகா அசிங்கமாக இருக்கும். என் அடுப்பையும் மூடச் சொன்னார்; என் அம்மா மறுத்துவிட்டாள்; ஆகட்டும் என்று போய்விட்டார்.

"எங்கப்பா குடுத்த அடுப்படியில பாதிய இந்த மனுசன் முழுங்கிட்டான்" என்று நொராட் கிணற்றடியில் எல்லோரிடமும் சொல்வாள். "மீதிப் பாதியில நான் குனிஞ்சா முட்டுது, நிமிந்தா இடிக்குது."

சுவர் கட்டி முடித்ததும் தூணிலிருந்த ஒரு மயிரிழை விரிசலுக்குக் குறுக்கே வெள்ளைச் சாந்தை உள்ளங்கை அளவு அப்பி, அதில் தேதியைக் கீறினார். கொத்தனார்கள் அதைச் சாட்சி என்பார்கள். தூண் அசைந்தால் சாந்து வெடிக்கும். வெடிக்காதவரை கவலை இல்லை. தினமும் சூப்புக் குடிக்க உட்காருமுன் அதை ஒரு தரம் பார்ப்பார். பன்னிரண்டு வருஷம் அது வெடிக்கவில்லை.

இதற்கிடையே பேரரசர் போய், பழைய மன்னர்கள் திரும்பி வந்திருந்தார்கள். ஊருக்குப் பழம்பெருமை வேண்டியிருந்தது. எங்கள் பேட்டையைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்கு விலை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். என் அம்மா அதற்குள் செத்துப் போயிருந்தாள். நான் முதல் வாரமே கையெழுத்துப் போட்டேன். இடிபாட்டை ஆற்றங்கரைக்கு அள்ளிப் போகிற வண்டி வேலையும் எனக்குக் கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: பழைய கல்லைச் சேதப்படுத்திய குடும்பத்தாருக்கு வேலை இல்லை. ஆகவே வீட்டை ஒப்படைக்கும் முன் தாத்தாவின் அடுப்பு வாயை மட்டும் நான் அடைத்தேன். இடிபாட்டிலிருந்தே நல்ல ரோமாபுரிக் கல்லாகப் பார்த்து எடுத்து, முகம் சரியாகப் பொருத்தி, கரியைச் சுரண்டி, மேலே மண்ணும் தூசியும் தேய்த்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல கொத்து வேலை அதுதான்.

நொராட் கையெழுத்துப் போடவில்லை. பேட்டையில் மூன்று கிழவிகள் இப்படி முரண்டு பிடித்து வழக்குப் போட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீதிமன்றம் அவர்களை விட்டுவிட்டது. நொராட்டுக்கும் அப்படித்தான் ஆகும் என்று வக்கீலே சொல்லியிருந்தார்.

"என்னைப் பொணமாத் தூக்கிட்டுப் போகட்டும். வாசல்படி நான் பொறந்தப்போ இருந்த அதே வாசல்படி" என்பாள்.

வீடு குடியிருக்கிறவருடையது, ஆனால் வளைவுக்குக் கீழே, அடுப்படி வழியாகப் போகிற பழைய பாதை ஊருடையது என்று அந்த வழக்குகளில் தீர்ப்பு இருந்தது. துரோஃபிம் கட்டிய சுவர் அந்தப் பாதையை மறித்து நின்றது. இடிப்பு வேலையை மேற்பார்த்தவர் தூர்மோன் என்கிற இளம் பொறியாளர்; கெட்டவர் இல்லை, படித்தவர். அவருடைய கணக்கு சுலபமானது: பெரிய கல் ரோமாபுரி, அது நிற்கும், சின்னக் கல் கல்லெலி, அது போகும். ஒரு வெள்ளிக்கிழமை வந்து துரோஃபிமின் சுவரில் சாக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி போட்டார். திங்கட்கிழமை இடிக்க ஆறு ஆட்களைச் சொன்னார். நான் வண்டியோடு அங்கேதான் நின்றேன்.

துரோஃபிம் உட்கார இடம் தேடவில்லை. நின்றபடியே பேசினார்.

"ஐயா, இந்தச் சொவத்த எடுத்தா மேல இருக்கிறது அத்தனையும் ஒக்காந்துரும். இந்தத் தூணு வெறும் தோலு. உள்ள ஒண்ணும் இல்ல."

தூர்மோன் தூணை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நொராட் பக்கம் கல். என் பக்கம் அதைவிட அழகான கல்.

"பெரியவரே, நான் பாக்குறது முழுத் தூண்."

"அந்தாண்ட பக்கம் ரொட்டியடுப்பு இருந்துச்சு. ஒரு ஆள் படுக்கலாம். நான் படுத்திருக்கேன்."

சுத்தியலால் தட்டிக் காட்டினார். பானையைத் தட்டின மாதிரி சத்தம் கேட்டது. தூர்மோன் சிரிக்கவில்லை, ஆனால் அலுத்துக்கொண்டார்.

"இந்த மாசத்துல இது பதினோராவது. அவனவன் அடுப்படிச் சொவருதான் அரங்கத்தையே தாங்குதாம். காதால கேட்டு நான் வேலை நடத்த முடியாது. நீங்க இந்த வீட்ல இருக்கீங்க. வீடு நிக்கணும்னு உங்களுக்கு ஆசை. தப்பு சொல்லல." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த வீடு உன்னோடதுதானே? அடுப்பு இருந்துச்சா?"

எழுதும்போது கை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டி போயிருக்கும், வேறென்ன போயிருக்கும்? ஏதோ ஒரு கூலி கிடைத்திருக்கும். நொராட் தன் வாசல்படியில் உட்கார்ந்து கடைசிவரை என்னைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பாள்.

"இல்லீங்க ஐயா. எங்க வீட்ல யாரும் பழைய கல்லத் தொட்டதில்ல" என்றேன்.

துரோஃபிம் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான்.

அதற்குப் பின் வீட்டுக்குள் நடந்ததை நொராட்டே பிற்பாடு என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் விசாரிக்கவில்லை, நான் காதால் கேட்டே ஆகவேண்டும் என்று அவளாகவே சொன்னாள்.  துரோஃபிம் ஞாயிறு பூசை முடிந்து வந்து, கொண்டைக்கடலைச் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நொராட், நீ கையெழுத்துப் போட்டுரு."

"என்னது?"

"நமக்கு வீடு இருக்கிற வரைக்கும் அந்த ஆளு நான் சொல்றத நம்ப மாட்டான். வீடு இல்லன்னா எனக்கு அதுல ஒரு லாபமும் இல்ல. அப்போ கேப்பான்."

"உன் பேச்ச ஒருத்தன் நம்புறதுக்கு எங்கப்பன் வீட்ட நான் குடுக்கணுமா?"

"ஆறு பேரு நொராட். கீழ நிக்கப்போறவன் ஆறு பேரு."

"அந்த மார்சியால் போயி நிக்கட்டுமே! அவன் வாயத் தொறந்திருந்தா முடிஞ்சது. நீ ஏன் அவன் சட்டையப் பிடிச்சு உலுக்கல?"

"அலுப்பா இருக்கு" என்றாராம். "அவனை உலுக்கி, அவன் அழுது, அப்புறம் சொல்லி... எனக்கு அலுப்பா இருக்கு நொராட். நாளைக்குக் காலையில இடிக்கிறாங்க."

அவள் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தாள். அந்தச் சுவரில்தான். பிறகு சூப்பைத் துடைத்தாள். பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவரைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாக, தூர்மோன் தங்கியிருந்த விடுதிக்கு நடந்தாள். எழுதத் தெரியாததால் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறி போட்டாள்.

"எம் புருசன் நாளைக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்வான். இப்ப எங்களுக்கு வீடு இல்ல. கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாளாம்.

திங்கட்கிழமை தூர்மோன் கேட்டார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. துரோஃபிம் சாந்து குழைத்தார். பழைய சாட்சிக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு சாட்சி அப்பி, காயவிட்டு, ஆறு பேரையும் வெளியே நிறுத்தச் சொன்னார். தூர்மோன் மட்டும் கூட நின்றார். துரோஃபிம் ஏணியில் ஏறி, உச்சியிலிருந்த கருவாலி ஆப்புகளில் ஒன்றைத் தட்டித் தளர்த்தினார். ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆப்பைத் தட்டினார். மூன்று சாட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக, காய்ந்த ரொட்டியை ஒடிக்கிற மாதிரி, பட் பட்டென்று வெடித்தன. மேலேயிருந்து மணல் கொட்டியது.

"அடிங்க! திரும்ப அடிங்க!" என்று தூர்மோன் கத்தினார். துரோஃபிம் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டின் கூரை, மாடி அறை, வாசல்படி எல்லாம் அந்த மாதமே போயின. வாசல்படிக் கல்லை என் வண்டியில்தான் ஏற்றினார்கள். சுவர் மட்டும் நின்றது. தூர்மோன் என் அடுப்பைப் பற்றி மறுபடி என்னிடம் கேட்கவில்லை. ஒருநாள் என் வண்டியைக் கடந்து போகும்போது என்னைப் பார்க்காமல் போனார். துரோஃபிமும் நொராட்டும் ஆற்றங்கரையில் ஈரம் ஏறுகிற ஒரு அறைக்குப் போனார்கள். அடுத்த வாரம் தெருவில் துரோஃபிம் என்னைப் பார்த்தபோது வழக்கம் போலவே, "என்ன கொம்பாதிரி, முழங்கால் எப்படி இருக்கு?" என்றார். அறைந்திருக்கலாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அரங்கம் சுத்தமானதும் உள்ளே காளைவிடும் விழா வைத்தார்கள். ஊரே திரண்டது. புதுப் படிகள் போட்டு எட்டாயிரம் பேர் உட்கார்ந்து காலால் தரையை உதைத்துக் கூச்சல் போட்டார்கள். துரோஃபிம் படியில் ஏறவில்லை. கீழ்ப் பாதையில், இருட்டில், தன் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். மேலே எட்டாயிரம் பேர் குதிக்கக் குதிக்க, சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். விழா முடிந்ததும், புதிதாக அப்பி வைத்திருந்த சாட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த விழாவிலும் அப்படியே. வருஷத்துக்கு ஏழெட்டு விழா. அவர் ஒரு காளையின் வாலைக்கூடப் பார்த்ததில்லை. யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. கை வைத்தால் கல் நிற்கும் என்று அவரும் நினைக்கவில்லை. "அசைஞ்சா கையில தெரியும். கத்தி எல்லாரையும் வெளிய ஓட வைக்க நேரம் இருக்கும்" என்றார். நொராட் அரங்கத்தின் பக்கமே வருவதில்லை. சந்தைக்குக்கூட நேர்வழியை விட்டு ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

அவருடைய கடைசி வருஷத்தில், திராட்சை அறுப்பு விழாவுக்கு மூன்று நாள் முன் அவர் காய்ச்சலில் விழுந்தார். எழுந்திருக்க முயன்று கட்டிலிலிருந்து சரிந்தார். விழா அன்று மதியம் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவர் இடத்தில் நானாவது நிற்கிறேன் என்று போனேன். எந்த முகத்தோடு போனேன் என்று கேட்காதீர்கள்.

பாதையில் எனக்கு முன்பே ஒரு ஆள் நின்றது. கறுப்புச் சால்வை. வாசல் காவலாளி அவளிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா, எடமெல்லாம் மேல இருக்கு. இங்கேருந்து ஒண்ணும் தெரியாது."

"எனக்கு ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றாள் நொராட்.

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். அவள் கணவர் நிற்கிற இடத்தில், சுவரில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். மேலே முதல் காளையை விட்டுவிட்டார்கள் போல; கூரைக் கற்கள் அதிர்ந்தன, தூசி உதிர்ந்தது. நான் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அவள் தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"உங்க அடுப்பு எந்த எடத்துல இருந்துச்சு?"

நான் காட்டினேன். தூணின் மறுபக்கம், இடுப்பு உயரத்தில், நான் அவ்வளவு அழகாகப் பொருத்திய கல்.

"அங்க கைய வை" என்றாள். "முடியிற வரைக்கும் எடுக்காத."

வைத்தேன். மாலை மணி அடித்துக் கூட்டம் கலைகிறவரை, தூணின் இரண்டு பக்கமும் நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம்.